சத்துருண்டை: ஒரு குட்டி வரலாறு



செமஸ்டர் முடிந்துவிட்டது. காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பர் எப்படி எழுதினேன் என்று தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம் :-) லீவில் உருப்படியாக எதையாவது படிக்கலாம் என்று உட்கார்ந்தேன். கடைசியில் படித்ததெல்லாம் ஒரு உருண்டையைப் பற்றி. பி.காம் படிக்கிற பையனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எனக்கும் ஒரு வேலையும் இருக்கவில்லை, அக்கா பொண்ணு சுவரைச் சுரண்டித் தின்ன ஆரம்பிக்கும் வரைக்கும்.

அக்கா வீடு திருமுல்லைவாயல் பக்கம். அக்காவும் அவள் வீட்டுக்காரரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறார்கள். காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு. குழந்தையைப் பார்த்துக்கொள்ள எங்க ஆயாவை ஊரிலிருந்து கூட்டி வந்தோம். ஆயாவின் ஊர் திருவள்ளூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன கிராமம். குழந்தைக்கு ஒன்றே முக்கால் வயது. பார்க்கக் கொழுகொழு என்றுதான் இருப்பாள். ஆனால் சதா சோர்வு. சுவரில் பெயர்ந்த சுண்ணாம்பை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். "எல்லாப் புள்ளையும் மண்ணு தின்னுதான் வளந்துது" என்று ஆயா சொல்லிவிட்டது. ரத்தம் பரிசோதித்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 8.1. இந்த வயதுக்குக் குறைந்தது 11 இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. 2024ல் உலக சுகாதார நிறுவனம் இரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதை 10.5 ஆக இறக்கியது. எப்படிப் பார்த்தாலும் 8.1 தேறாது.

அன்று ராத்திரி ஆயா ஒரு கதை சொன்னது. அம்மாவின் கடைசித் தம்பி, அதாவது என் சின்ன மாமா, கைக்குழந்தையாக இருந்தபோது ஊரில் ஒரு அம்மா மாதாமாதம் வந்து குழந்தைகளைத் தூளி மாதிரி துணியில் தொங்கவிட்டு எடை போடுவாராம். 84ஆ 85ஆ என்று ஆயாவுக்கு ஞாபகம் இல்லை. எடை போட்டால் கண்ணு பட்டுவிடும் என்று ஆயா முதல் இரண்டு தடவை கொல்லைப்பக்கம் ஒளிந்துகொண்டதாம். மூன்றாம் தடவை மாட்டிக்கொண்டது. மாமாவுக்கு எடை ஏறவில்லை என்று சொல்லி, தினமும் ஒரு உருண்டை கொடுத்தார்களாம். "நல்லா வெல்லம் போட்டு இருக்கும். அங்கயே உக்காந்து ஊட்டணும்னு சொல்லுவாங்க. நான் பாதியை முந்தானையில முடிஞ்சிக்கினு வந்து உங்கம்மாவுக்கும் பெரிய மாமாவுக்கும் குடுத்துடுவேன்" என்று சிரித்தது.

அந்த உருண்டை எங்கிருந்து வந்தது என்று தேடப் போனதுதான் இந்தக் கட்டுரை.

*

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். நம் உடம்புக்குக் கொஞ்சூண்டு மட்டும் தேவைப்படுகிற, ஆனால் இல்லாவிட்டால் பெரிய சேதம் செய்கிற சத்துகள் இருக்கின்றன அல்லவா, வைட்டமின் ஏ, இரும்பு, அயோடின் மாதிரி, அவற்றைப் பற்றிய இந்திய ஆராய்ச்சி பெரிய அளவில் தொடங்கியதே நம்ம குன்னூரில்தான். ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ டாக்டர் அங்கிருந்த பாஸ்டர் நிலையத்தில் எலிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களும் சாப்பிடுகிற சாப்பாட்டை ஒவ்வொரு எலிக் கூட்டத்துக்குக் கொடுத்து வளர்த்தார். சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் சராசரியாக 235 கிராம் வந்தன. மதராஸி சாப்பாடு சாப்பிட்டவை 155 கிராம். கடைசி ரேங்க். (இதைப் படித்துவிட்டு மெஸ் சாம்பார் சாதத்தை ஒரு நிமிடம் முறைத்துப் பார்த்தேன்.) கோதுமை, பால், நெய், பருப்பு, காய் ஒரு பக்கம். தீட்டிய அரிசி, கொஞ்சம் பருப்பு, பால் கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்பது இன்னொரு பக்கம். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அந்த ஆய்வுக்கூடத்தின் அடுத்த தலைவர் அய்க்ராய்ட், 1935ல் வந்தவர். இவர் எலியை விட்டு மனிதர்களிடம் வந்தார். 1936ல் அவரும் கிருஷ்ணன் என்ற ஆராய்ச்சியாளரும் தென்னிந்தியப் பள்ளிக் குழந்தைகளின் உடல்நிலையைப் பற்றி எழுதினார்கள். கண்ணின் வெள்ளையில் நுரை மாதிரி படிகிற புள்ளி, வாயின் இரு ஓரத்திலும் புண், இவைதான் அவர்கள் தேடிய அடையாளங்கள். முதலாவது வைட்டமின் ஏ பற்றாக்குறை. இரண்டாவது பெரும்பாலும் பி வகை வைட்டமின் பற்றாக்குறை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பள்ளிக் குழந்தைகள். ஏன் பள்ளி? வரிசையில் நிற்பார்கள், பெயர் பதிவேட்டில் இருக்கும், டாக்டர் ஒரே நாளில் நூறு பேரைப் பார்த்துவிடலாம். ஆனால் பள்ளிக்கு வருகிற குழந்தை, அபாயமான வயதைத் தாண்டி உயிரோடு வந்த குழந்தை. எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ரைட் என்ற டாக்டர் 1922லேயே தென்னிந்தியாவில் கருவிழி உருகிப் போகிற நோயைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார். அந்த நோய் வருவது பெரும்பாலும் பால் மறக்கிற வயதில். அம்மை போட்டு, வயிற்றுப்போக்கு வந்து, ஏற்கெனவே காலியாக இருந்த ஈரல் இருப்பும் தீர்ந்து, சில நாட்களில் கருவிழி கரைந்துவிடும். அதில் நிறைய குழந்தைகள் பள்ளி வயதுக்கு வரவே இல்லை.

அப்புறம் நமக்கெல்லாம் தெரிந்த கதை. சென்னை மாநகராட்சி 1920களில் ஆயிரம் விளக்கில் தொடங்கிய பள்ளி உணவு, 1956ல் காமராஜர் மாநிலம் முழுக்கக் கொண்டுபோன மதிய உணவு. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை அந்தச் சோற்றில் படித்தது. ஆனால் அதுவும் பள்ளிதான். தட்டைத் தூக்கிக்கொண்டு வரத் தெரிந்த குழந்தைக்குத்தான் சோறு.

*

நடக்கத் தெரியாத குழந்தைக்கு அரசாங்கம் நேரடியாக ஏதாவது செய்தது என்றால் அது 1970ல் வந்த வைட்டமின் ஏ திட்டம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆராய்ச்சியை வைத்து மத்திய அரசு தொடங்கியது. (குன்னூர் ஆய்வுக்கூடம்தான் 1958ல் ஹைதராபாத் போய் இந்தப் பெயரில் வளர்ந்தது. அதற்குப் பிறகு அதை நடத்தியவர்களில் பெரிய பெயர் நம்ம சேலத்துக்காரர் சி.கோபாலன்.) ஒரு வயது முதல் ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட் வைட்டமின் ஏ. இரண்டு மில்லி எண்ணெய் மருந்து, ஒரு ஸ்பூன், வேலை முடிந்தது. ஏன் இது முடிகிறது என்றால், வைட்டமின் ஏ கொழுப்பில் கரையும், ஈரல் அதை வாங்கிச் சேமித்துக்கொண்டு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். எங்கள் பாஷையில் சொன்னால் உடம்புக்குள்ளேயே குடோன் இருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு லோடு இறக்கினால் போதும்.

இந்தக் குடோன் விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

அதே சமயம் மதுரையில் டாக்டர் கோ.வெங்கடசாமி (பிறகு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தவர்) 1971ல் ஒரு ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் தொடங்கினார். கண் கெடுகிற நிலையில் வந்த குழந்தையை அம்மாவோடு சேர்த்துத் தங்க வைத்து, கீரையும் பருப்பும் சமைக்கக் கற்றுக்கொடுத்து அனுப்பினார்கள். கண் டாக்டர் கீரை சமைக்கச் சொல்லிக் கொடுக்கிறார் என்றால் நோய் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

எழுபதுகளில் தமிழ்நாட்டில் குழந்தைகளுக்குச் சாப்பாடு போடும் திட்டங்கள் மட்டும் இருபதுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு துறைக்கும் ஒன்று. இத்தனை இருந்தும் ஏன் குழந்தைகள் தேறவில்லை என்று ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அமெரிக்காவின் சிட்னி கேன்டர் குழு 1973ல் அறிக்கை கொடுத்தது. எனக்கு இந்த அறிக்கையின் அணுகுமுறை ரொம்பப் பிடித்தது. நெல் வயலில் இருந்து குழந்தை வாய் வரைக்கும் முழுச் சங்கிலியையும் ஒரு தொழிற்சாலையைத் தணிக்கை செய்வது மாதிரி பார்த்திருக்கிறார்கள். சிக்கல் இரண்டு இடத்தில். ஒன்று, மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் பந்திக்கே வருவதில்லை. இரண்டு, வருகிற குழந்தைக்கு அங்கே ஒரு வேளை கிடைத்தால் வீட்டில் அந்த வேளை குறைந்துவிடுகிறது. கொடுத்ததற்கும் குழந்தைக்குள் போனதற்கும் நடுவில் பெரிய ஓட்டை.

*

அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். 1980ல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் ஆரம்பம். உலக வங்கி ஊட்டச்சத்துக்கென்று இந்தியாவுக்குக் கொடுத்த முதல் கடன், 3 கோடியே 20 லட்சம் டாலர். மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி, புதுக்கோட்டை, வடஆற்காடு, செங்கல்பட்டு என்று ஆறு மாவட்டங்கள், 173 ஒன்றியங்கள், சுமார் 9,000 மையங்கள். அப்போதைய செங்கல்பட்டு மாவட்டம் என்றால் இன்றைய அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, திருவள்ளூர் எல்லாம் அதற்குள்தான். 1997ல்தான் மாவட்டம் பிரிந்தது. அதாவது ஆயா முந்தானையில் முடிந்துகொண்டு வந்தது உலக வங்கிக் கடன்!

திட்டத்தின் புத்திசாலித்தனம் அது யாருக்குச் சாப்பாடு போட மறுத்தது என்பதில் இருக்கிறது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைகள் மட்டும். அதிலும் எல்லோருக்கும் கிடையாது. மாதாமாதம் எல்லாக் குழந்தையையும் எடை போடுவார்கள். அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார்கள். கோடு மேலே போனால் சந்தோஷம், அடுத்த மாதம் பார்க்கலாம். கோடு படுத்துவிட்டால் 90 நாளைக்குத் தினமும் உருண்டை. தானியம், பயறு, வெல்லம், அதோடு வைட்டமின், தாது உப்பு சேர்த்தது. சின்னதுகளுக்கு 40 கிராம், ஒரு வயதுக்கு மேல் 80 கிராம். தேறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். பல ஊர்களில் பெண்கள் குழுக்களே உருண்டை பிடித்தன. இதோடு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே வைட்டமின் ஏ மருந்து, பூச்சி மாத்திரை, கர்ப்பிணிகளுக்கு இரும்பு மாத்திரை.

எடை போட வந்த பெண்ணை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பது இன்னும் அழகு. உள்ளூர்ப் பெண்ணாக இருக்க வேண்டும், ஏழையாக இருந்தும் தன் குழந்தையை நன்றாக வளர்த்தவராக இருந்தால் அவருக்கு முன்னுரிமை. வசதி இல்லாமலே எப்படிச் சமாளித்தார் என்பதை அவர் பக்கத்து வீட்டுக்குச் சொல்லலாம் இல்லையா? டிகிரி கேட்காமல் இப்படி ஒரு தகுதி கேட்ட அரசு வேலை வேறு ஏதாவது இருக்கிறதா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இந்தத் திட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே 1982 ஜூலை 1ல் எம்.ஜி.ஆர் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். கிராமத்துப் பால்வாடியில் இரண்டு வயது முதல் எல்லாக் குழந்தைக்கும் சோறு. ஒரே ஊரில் இரண்டு தத்துவம். ஒரு கட்டடத்தில் யார் வந்தாலும் சாப்பாடு, இன்னொன்றில் எடை குறைந்தால்தான் உருண்டை. ஓட்டு எதற்கு விழும் என்று சொல்லத் தேவையில்லை. உலக வங்கிக்காரர்களுக்கு அப்போது அவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது. எனக்கு இதில் ஒரு பக்கம் சாய முடியவில்லை. அவனுக்கு உண்டு உனக்கு இல்லை என்று கிராமத்தில் ஒரு அம்மாவிடம் சொல்வது சுலபமான காரியம் இல்லை. எல்லோருக்கும் என்றால் சாதி, கௌரவம், கண்ணு படுதல் எதுவும் நடுவே வராது. ஆனால் எல்லோருக்கும் என்று சொன்ன சோற்றுப் பந்திக்கு எட்டு மாதக் குழந்தை வராது. அதைத் தேடிக்கொண்டு வீட்டுக்குப் போனது அந்த எடை போடும் அம்மாதான்.

1989ல் முதல் கட்டம் முடிந்தபோது, திட்டப் பகுதிகளில் கடுமையான எடைக் குறைவு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்திருந்தது. நடுத்தர எடைக் குறைவு அவ்வளவாக அசையவில்லை. அதாவது சாகக் கிடந்த குழந்தை பிழைத்தது, சுமாராக இருந்த குழந்தை சுமாராகவே இருந்தது. இரண்டாம் கட்டம் 1990 முதல் 1997 வரை இன்னும் பல ஒன்றியங்களுக்குப் போய், பிறகு மத்திய அரசின் அங்கன்வாடித் திட்டத்தோடு கலந்துவிட்டது. இன்றைக்கு அங்கன்வாடியில் இருக்கிற எடை மெஷினும் வளர்ச்சி அட்டையும் சத்துமாவுப் பாக்கெட்டும் அந்த வழியில் வந்தவைதான். மாவைப் பெரும்பாலும் மகளிர் தொழிற்கூட்டுறவு சங்கங்கள் தயாரிக்கின்றன.

*

இப்போது வைட்டமின் ஏ-க்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் அதன் உச்சக்கட்டம் தமிழ்நாட்டில்தான் நடந்தது. அரவிந்த் மருத்துவமனையைச் சேர்ந்த லட்சுமி ரஹ்மத்துல்லா குழுவினர் திருச்சி மாவட்டக் கிராமங்களில் 15,419 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வாராவாரம் சின்ன அளவு வைட்டமின் ஏ கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு லோடு என்று இல்லாமல், சாப்பாட்டில் கிடைக்க வேண்டிய அளவை வாரத்துக்கு ஒருமுறை. 1990ல் முடிவு வந்தது. மருந்து பெற்றவர்களில் இறப்பு 54 சதம் குறைவு. கண்ணுக்கான மருந்து என்று நினைத்தது உயிருக்கான மருந்தாக இருந்தது. அதே வருஷம் ஹைதராபாத் பக்கம் பெரிய டோஸை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுத்து நடந்த ஆய்வில் இறப்பில் வித்தியாசமே தெரியவில்லை. 2013ல் வெளிவந்த, உத்தரப்பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளோடு நடந்த ஆய்விலும் பெரிய பலன் தெரியவில்லை. விஞ்ஞானிகள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். திருச்சியில் வாராவாரம் ஒரு ஆள் வீட்டு வாசலுக்குப் போய்க் குழந்தையைப் பார்த்தார். ஆனால் மருந்து கிடைக்காத பாதிக்கும் அதே ஆள் அதே போலத்தான் போனார். ஆகவே வாசலுக்குப் போனதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. சின்னச் சின்னதாக அடிக்கடி கொடுத்ததுதான் வித்தியாசமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அயோடின் கதை இன்னும் சுலபம். 1962லேயே கழுத்துக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. உப்பில் கலந்துவிட்டால் அம்மாவும் ஒன்றும் செய்ய வேண்டாம், டீச்சரும் ஒன்றும் செய்ய வேண்டாம். ஆனாலும் தூத்துக்குடியில் உப்பு விளைவிக்கிற நம் மாநிலம் அயோடின் உப்பில் நீண்ட காலம் பின்தங்கியே இருந்தது. உப்பளம் பக்கத்தில் இருந்தால் கல்லுப்பு மலிவாக நேராக வீட்டுக்கு வந்துவிடும், நடுவில் அயோடின் கலக்க மெஷின் எங்கே? சப்ளை செயின் நீளமாக இருந்தால்தான் நல்லது என்று நான் பார்த்த ஒரே உதாரணம் இதுதான்.

ஆக, உப்புக்கு யாரும் எதுவும் செய்ய வேண்டாம். சொட்டு மருந்துக்கு வருஷத்தில் இரண்டு நாள் போதும். எடைக்குத் தராசு இருக்கிறது. மிச்சம் இருப்பது இரும்பு.

இரும்புக்கு அந்தக் குடோன் வசதி கிடையாது. ஆறு மாத இரும்பை ஒரே ஸ்பூனில் ஊற்றினால் அது விஷம். கொஞ்சம் கொஞ்சமாக, நாள்தவறாமல், மாதக்கணக்கில் உள்ளே போக வேண்டும். பிறக்கும்போது அம்மாவிடமிருந்து வாங்கி வந்த இருப்பு சுமார் ஆறு மாதம் வரை தாங்கும். அம்மாவுக்கே ரத்தம் குறைவு என்றால் அதுவும் தாங்காது. தாய்ப்பாலில் இரும்பு ரொம்பக் கம்மி. அதனால் ஆறு மாதத்துக்கு அப்புறம் சாப்பாட்டில் இருந்துதான் வர வேண்டும். நாம் கொடுப்பதோ இட்லி, ரசம் சாதம், பால். பசும்பாலில் இரும்பு கிட்டத்தட்ட இல்லை. கேழ்வரகில் இருக்கிறது, ஆனால் அதிலேயே இருக்கும் ஃபைட்டிக் அமிலம் அதை முழுசாக உறிஞ்ச விடாது. முளைகட்டினால் கொஞ்சம் பரவாயில்லை. டீ குடித்தால் இன்னும் மோசம். பக்கத்திலேயே ஒரு நெல்லிக்காயோ தக்காளியோ இருந்தால் உறிஞ்சுவது கூடும்.

எங்கள் பக்கம் குழந்தை அழுதால் என்ன கொடுப்பார்கள் தெரியுமா? டீயில் தோய்த்த பொறை. இல்லையென்றால் அஞ்சு ரூபாய் பிஸ்கட் பாக்கெட். ஆயா அதைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. வயிறு நிறையும், எடையும் ஏறும். அங்கன்வாடி அட்டையில் அக்கா பொண்ணின் கோடு ஒருநாளும் படுத்ததில்லை. தராசைக் கேட்டால் குழந்தை நன்றாக இருக்கிறாள். ரத்தம் மட்டும்தான் வேறு பதில் சொல்லியது.

எங்கள் வீடு மட்டும் விதிவிலக்கு இல்லை. 2019–21ல் எடுத்த தேசிய குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் ரத்தசோகை உள்ள குழந்தைகள் 57.4 சதம். அதற்கு முந்தைய ஆய்வில் (2015–16) 50.7. குறையவில்லை, கூடியிருக்கிறது! இந்தியா முழுக்க 67.1 சதம். இந்த எண்ணில் ஒரு தகராறு உண்டு. அது விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தம். நரம்பில் எடுத்துப் பரிசோதித்த 2016–18 ஆய்வில் நாடு முழுக்க ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் சுமார் 41 சதம்தான் வந்தது. எது சரி என்ற சண்டையில் அடுத்த குடும்பநல ஆய்விலிருந்து ரத்தப் பரிசோதனையையே எடுத்துவிட்டார்கள், அதற்குத் தனி ஆய்வு என்று சொல்லி. சரி, 41 என்றே வைத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு நாலு. குழந்தைகளுக்கு இரும்பு மாத்திரை கொடுக்கும் மத்தியத் திட்டம் தொடங்கிய வருஷம் 1970. வைட்டமின் ஏ திட்டமும் அதே வருஷம்தான். இரண்டும் ஒரே நாட்டில், ஒரே அரசாங்கத்தில் பிறந்தவை. கருவிழி உருகும் நோய் இன்று அபூர்வமாகிவிட்டது. ரத்தசோகை ஐம்பது வருஷம் கழித்தும் என் அக்கா வீட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிறது.

பிறகு அரிசியில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செறிவூட்டிய அரிசி என்று ரேஷனில் வந்தது. உப்பு பாணியிலேயே இரும்பையும் கொண்டுபோகலாம் என்ற முயற்சி. மில்லில் தீட்டி எடுத்துவிட்டு, அப்புறம் அதே மில்லில் சேர்த்தோம். மெக்காரிசனின் எலிகள் சிரிக்கும். ஆனால் ஒன்றரை வயதுக் குழந்தை ஒரு நாளைக்கு எத்தனை கவளம் சோறு தின்னும்? மறுபடியும் பெரிய குழந்தைகளுக்கும் நமக்கும்தான் அது பயன்படும். 2022ல் வந்த காலை உணவுத் திட்டமும் நல்ல திட்டம், அதுவும் பள்ளி.

சின்னக் குழந்தைக்கு இருப்பது ஒரு சிரப். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரத்துக்கு இரண்டு முறை ஒரு மில்லி, 20 மில்லிகிராம் இரும்பும் கொஞ்சம் ஃபோலிக் அமிலமும். அக்காவுக்கும் அந்தப் பாட்டில் போன வருஷமே கொடுத்திருக்கிறார்கள். நாலு தடவை ஊற்றியிருக்கிறாள். குழந்தை கறுப்பாக வெளிக்குப் போனதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிட்டாள். இரும்பு கொடுத்தால் அப்படித்தான் போகும், பயப்பட ஒன்றுமில்லை என்று ஒரு வரி யாராவது சொல்லியிருந்தால் போதும். பாட்டிலைக் கொடுத்ததாகப் பதிவேட்டில் இருக்கும், அந்த வரி எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஆயா காலத்தில் அந்த வரியைச் சொல்ல மாதாமாதம் ஒரு ஆள் வீட்டுக்கு வந்தார். இன்றைய அங்கன்வாடி டீச்சருக்கு போனில் ஏற்ற வேண்டிய விவரமே மணிக்கணக்கில் இருக்கிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது குழந்தைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த கணக்கில் தினமும் மருந்து. கறுப்பாகப் போனால் "மருந்து வேலை செய்யுதுடி" என்று ஆயாவே அக்காவுக்குத் தைரியம் சொல்கிறது. டீ நிறுத்தியாச்சு. பொறை மட்டும் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. அங்கன்வாடி சத்துமாவில் ஆயா வெல்லம் போட்டு உருண்டை பிடிக்கிறது, கூடவே முட்டையும் முருங்கைக்கீரையும். முதல் வாரம் போய்ப் பார்த்தபோது ஏழு உருண்டையில் மூன்று எனக்கு, ஒன்று பக்கத்து வீட்டுப் பையனுக்கு என்று தட்டில் பிரித்து வைத்திருந்தது. சத்தியமாக நான் சாப்பிடவில்லை. (சரி, ஒன்று.)

மறுபடியும் ரத்தம் எடுக்க அடுத்த மாதம் 12ம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். சுவரில் பெயர்ந்த இடத்தில் மாமா, அதாவது அந்தக் காலத்தில் உருண்டை தின்ற சின்ன மாமா, வந்து சிமெண்ட் பூசிவிட்டுப் போனார். அவருக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. எடை 84 கிலோ.